டீசல் ஜெல் ஆகாமல் காக்கும் வெள்ளைப் போத்தல்: ஒரு ட்ரக் சாரதியின் மதிப்புரை

பவர் சேர்விஸ் நிறுவனத்தின் வெள்ளைப் போத்தலைப் பார்க்காத ட்ரக் சாரதி கனடாவில் இருக்க முடியாது. ஒக்டோபர் பிற்பகுதியிலேயே நெடுஞ்சாலை ஓரத்து ட்ரக் ஸ்டொப்புகளில் காசாளர் மேசைக்குப் பக்கத்தில் அதை அடுக்கி வைத்துவிடுவார்கள். கடுங்குளிரில் டீசல் ஜெல் ஆகி வண்டி நடுவழியில் நின்றுவிடாமல் காப்பது அதன் வேலை. அந்த வேலையை அது ஒழுங்காகச் செய்கிறது என்பதே நெடுந்தூர ஓட்டத்தில் நான் கண்டது. ஆனால் அது எந்த டீசலுக்குத் தேவை, எப்போது ஊற்றப்பட வேண்டும், எதற்கு உதவாது என்ற மூன்றிலும் எம்மவர்களிடையே நிறையக் குழப்பம் இருப்பதால், நல்ல பொருள் என்று ஒரு வரியில் முடிக்காமல் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பொருளைப் பற்றி. பவர் சேர்விஸ் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், வெதர்ஃபோர்ட் நகரைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும் நிறுவனம். 1956 முதல் டீசலில் கலக்கும் சேர்மானங்களைத் தயாரித்து வருகிறது. வெள்ளைப் போத்தலின் முழுப் பெயர் 'டீசல் ஃபியூவல் சப்ளிமென்ட் பிளஸ் சீட்டேன் பூஸ்ட்'. சீட்டேன் எண் என்பது டீசல் எவ்வளவு எளிதில் தீப்பற்றும் என்பதைக் காட்டும் அளவு. இதே நிறுவனம் சாம்பல் நிறப் போத்தலில் 'டீசல் கிளீன்' என்ற இன்னொன்றையும், சிவப்புப் போத்தலில் 'டீசல் 911' என்ற மூன்றாவதையும் விற்கிறது. சாம்பல் நிறம், எஞ்சினுக்குள் எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களைத் துப்புரவு செய்வதற்கானது; அதில் குளிர்த் தடுப்பு இல்லை. சிவப்பைப் பற்றிப் பின்னால் தனியாகச் சொல்ல வேண்டும். வெள்ளைப் போத்தல் பொதுவாக 32 அவுன்ஸ், 80 அவுன்ஸ் ஆகிய இரு அளவுகளில் கடைகளில் கிடைக்கிறது. 32 அவுன்ஸ் போத்தல் 100 அமெரிக்கக் கலன் டீசலுக்கும், 80 அவுன்ஸ் குடுவை 250 கலனுக்கும் போதும். அதாவது 400 பங்கு டீசலுக்கு ஒரு பங்கு. லீற்றரில் சொன்னால், பெரிய குடுவையில் உள்ள ஏறத்தாழ 2.4 லீற்றர் திரவம் 946 லீற்றர் டீசலுக்குப் போதுமானது. இருபுறமும் 125 கலன் டாங்கி உள்ள வண்டிக்கு ஒரு குடுவையைச் சரிபாதியாகப் பிரித்து ஊற்றினால் கணக்குச் சரி.

டீசல் ஏன் ஜெல் ஆகிறது என்பது விளங்கினால்தான் இந்தப் போத்தலிடம் எதை எதிர்பார்க்கலாம் என்பது விளங்கும். டீசலில் இயல்பாகவே மெழுகு கரைந்திருக்கிறது. பராஃபின் எனப்படும் நீண்ட சங்கிலி ஹைட்ரோகாபன்கள்தான் அந்த மெழுகு. அது வேண்டாத கழிவு அல்ல. எளிதில் தீப்பற்றும் நல்ல எரிபொருள் என்பதால்தான் சுத்திகரிப்பு ஆலைகள் அதை முழுவதும் நீக்குவதில்லை. குளிர் கூடும்போது இந்த மெழுகு சிறுசிறு பளிங்குகளாகப் பிரிந்து வரத் தொடங்கும். எங்கள் வீட்டுச் சமையலறையில் தேங்காய் எண்ணெய்ப் போத்தல் குளிர்காலத்தில் முதலில் வெளிறிக் கலங்கி, பிறகு இறுகுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. டீசலில் வேறுபாடு என்னவென்றால், முழுத் திரவமும் இறுக வேண்டிய அவசியமே இல்லை. ஒரு சிறு பங்கு மெழுகு பளிங்காகி ஃபில்டரின் முகத்தில் படிந்தாலே எஞ்சினுக்குப் போகும் எரிபொருள் நின்றுவிடும்.

இதை அளவிட மூன்று வெப்பநிலைகள் உண்டு. பளிங்குகள் கண்ணுக்குத் தெரியத் தொடங்கிக் டீசல் கலங்கும் வெப்பநிலை ஒன்று. பளிங்குகள் ஃபில்டரை அடைக்கும் வெப்பநிலை இரண்டாவது. டீசல் ஓடாமல் நின்றுவிடும் வெப்பநிலை மூன்றாவது. இரண்டாவதை ஆய்வுகூடத்தில் அளக்கும் முறை எளிமையானது: 20 மில்லிலீற்றர் டீசலை, 45 மைக்ரோன் (ஒரு மைக்ரோன் மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துளைகள் கொண்ட வலை வழியாக மெல்லிய வெற்றிடத்தால் உறிஞ்சுகிறார்கள், பாகை பாகையாகக் குளிரூட்டிக்கொண்டே போகிறார்கள், 60 விநாடிக்குள் அந்த அளவு டீசல் வலையைக் கடக்கத் தவறும் வெப்பநிலைதான் ஃபில்டர் அடைபடும் வெப்பநிலை. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். எங்கள் வண்டியில் எரிபொருள் எஞ்சினுக்குப் போகுமுன் கடைசியாகக் கடக்கும் இரண்டாம் ஃபில்டரின் துளைகள் 45 மைக்ரோன் அல்ல, சில மைக்ரோன்களே. ஆகவே ஆய்வுகூடம் தரும் எண்ணை நெடுஞ்சாலையில் அப்படியே நம்பிப் போவது துணிச்சலான காரியம். லேபிளில் ஃபில்டர் அடைபடும் வெப்பநிலை இத்தனை பாகை இறங்கும் என்று அச்சிடப்பட்டிருப்பது அதிகபட்சக் கணக்கு. உங்கள் டாங்கியில் உள்ள டீசல் எந்தக் கச்சா எண்ணெயிலிருந்து வந்தது, அதில் மெழுகு எவ்வளவு, எவ்வகை மெழுகு என்பதைப் பொறுத்துப் பலன் கூடவும் குறையவும் செய்யும்.

வெள்ளைப் போத்தல் போன்ற சேர்மானங்கள் மெழுகைக் கரைப்பதில்லை. டீசல் கலங்கும் வெப்பநிலையையும் அவை பெரிதாக மாற்றுவதில்லை. இவ்வகைச் சேர்மானங்களில் இருக்கும் பொலிமர்கள், அதாவது நீண்ட சங்கிலி மூலக்கூறுகள், மெழுகு பளிங்காகும் தருணத்தில் அதனுடன் ஒட்டிக்கொண்டு, அது அகன்ற தட்டுகளாக வளர்ந்து ஒன்றோடொன்று கோத்துக்கொள்வதைத் தடுக்கின்றன. மெழுகு மிகச் சிறிய, தனித்தனித் துகள்களாக நின்றுவிடுவதால் எரிபொருளுடன் சேர்ந்து ஃபில்டரைக் கடந்து போகிறது. இதிலிருந்து பயன்படுத்தும் நேரம் தானாகவே விளங்கும். பளிங்கு உருவாகும் அந்தத் தருணத்தில் பொலிமர் டீசலில் கலந்திருக்க வேண்டும். பளிங்குகள் வளர்ந்து முடிந்த பிறகு ஊற்றுவதில் பலன் இல்லை. கலங்கும் வெப்பநிலையைவிடக் குறைந்தது ஐந்தாறு பாகையாவது டீசல் சூடாக இருக்கும்போதே ஊற்றிவிட வேண்டும் என்பது இத்துறையில் பொதுவாகச் சொல்லப்படும் விதி.

இதைக் கண்ணால் பார்க்க விரும்புபவர்கள் வீட்டிலேயே பார்க்கலாம். நான் பார்த்திருக்கிறேன். ஒரே பம்பில் பிடித்த டீசலை இரண்டு கண்ணாடி ஜாடிகளில் எடுத்து, ஒன்றில் மட்டும் அளவாகச் சேர்மானத்தைக் கலந்து, இறுக மூடி, கடுங்குளிர் இரவொன்றில் வீட்டுக்கு வெளியே, தீப்பொறி எதுவும் அண்டாத இடத்தில் வைத்தேன். காலையில் இரண்டுமே கலங்கித்தான் இருந்தன. சேர்மானம் கலக்காத ஜாடியைச் சாய்த்தபோது அடிப்பகுதி கொழகொழவென்று ஒரே பாளமாக நகர்ந்தது. கண்ணாடியில் வெண்மையான படலம் ஒட்டி நின்றது. கலந்த ஜாடியில் மூடுபனி போல மங்கல் இருந்தாலும் திரவம் திரவமாகவே அலைந்தது. அடியில் மாவு படிந்தாற்போல மெல்லிய படிவு தெரிந்தது. கலங்கலை மட்டும் பார்த்து போத்தல் ஏமாற்று என்று முடிவு செய்துவிடும் சாரதிகளை நான் அறிவேன். அவர்கள் பார்த்தது உண்மை. ஆனால் பார்க்க வேண்டியது அதுவல்ல. அந்த மாவுப் படிவு மட்டும் கவனத்துக்குரியது. வண்டி இரண்டு மூன்று நாள் அசையாமல் நின்றால் நுண்துகள்கள் டாங்கியின் அடியில் சேர்ந்துவிடும். எரிபொருளை உறிஞ்சும் குழாயும் அடியில்தான் இருக்கிறது. நீண்ட நேரம் நிறுத்த வேண்டி வந்தால், டாங்கியை அரைகுறையாக விடாமல் நிரப்பி நிறுத்துவதும், எடுத்தவுடன் வேகமாக ஓட்டாமல் சற்று நேரம் ஓடவிட்டுப் புறப்படுவதும் நல்லது.

இப்போது, யாருக்கு இது தேவை? கனடாவில் டீசலுக்கான தேசியத் தர நிர்ணயம், ஒவ்வொரு பிரதேசத்துக்கும், ஒவ்வொரு அரை மாதத்துக்கும், கடந்த காலக் குளிர்ப் பதிவுகளை வைத்துக் குறைந்தபட்சத் தகுதியை வகுக்கிறது. ஜனவரியில் ரொறன்ரோவில் விற்கப்படும் டீசல் ரொறன்ரோவின் ஜனவரிக் குளிருக்கும், வடக்கு ஒன்ராறியோவின் கப்புஸ்கேசிங்கில் விற்கப்படுவது அங்குள்ள குளிருக்கும் ஏற்றபடி கலந்தே பம்புக்கு வருகிறது. ஆகவே ஸ்கார்பரோவில் நிரப்பி, மிசிசாகாவுக்கும் ஹமில்ட்டனுக்கும் நாளாந்தம் ஓடி, மாலையில் வீடு திரும்பும் ஒருவர் இந்தப் போத்தலை ஊற்றுவதால் குளிருக்கு எதிராகப் பெறும் பாதுகாப்பு மிகச் சொற்பமே. அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்குள்ள டீசல் தர நிர்ணயம் குளிருக்கான கட்டாய எல்லை எதையும் விதிப்பதில்லை. மாநிலவாரியாகவும் மாதவாரியாகவும் எதிர்பார்க்கக்கூடிய குறைந்த வெப்பநிலைகளை வழிகாட்டலாகத் தந்துவிட்டு, மிகுதியை விற்பவரும் வாங்குபவரும் பேசித் தீர்த்துக்கொள்ளும்படி விட்டுவிடுகிறது. ஜோர்ஜியாவில் ஜனவரி மாதம் விற்கும் டீசல் ஜோர்ஜியாவுக்குப் போதுமானது. அதற்கு மேல் அது எதையும் உங்களுக்கு உறுதி சொல்லவில்லை.

ஆபத்து அந்த டீசல் வடக்கே பயணம் செய்யும்போது வருகிறது. ஐ-75 நெடுஞ்சாலை ஃப்ளோரிடாவிலிருந்து ஜோர்ஜியா, டென்னசி, கென்டக்கி, ஒஹாயோ, மிச்சிகன் வழியாகச் சூ செயின்ற் மேரி எல்லைப் பாலம் வரை வருகிறது. தெற்கில் டீசல் மலிவு என்பதால் அங்கேயே இரு டாங்கிகளையும் நிறைத்துக்கொண்டு புறப்படுவது எல்லாச் சாரதிகளும் செய்வதுதான். 250 கலன் பிடிக்கும் வண்டி அட்லாண்டாவில் நிரப்பிய எரிபொருளைக் கொண்டே எல்லையைக் கடந்து, வடக்கு ஒன்ராறியோவின் 17ஆம் நெடுஞ்சாலையில் வாவாவையும் தாண்டி வைட் ரிவர் வரை வந்துவிடும். வைட் ரிவரில் கனடாவின் மிகக் குளிரான இடம் என்று எழுதி, மைனஸ் 72 பாகை ஃபாரன்ஹைட்டை (ஏறத்தாழ மைனஸ் 58 செல்சியஸ்) காட்டும் பெரிய வெப்பமானிப் பலகை ஒன்று நிற்கிறது. அந்தப் பெருமை பதிவுகளின்படி சரியல்ல. கனடாவின் உண்மையான சாதனை 1947 பெப்ரவரியில் யூக்கோனின் ஸ்னாக் என்ற இடத்தில் பதிவான மைனஸ் 63 பாகை செல்சியஸ். ஆனாலும் ஜனவரி இரவில் மைனஸ் 30 பாகை என்பது 17ஆம் நெடுஞ்சாலைக்கும் 11ஆம் நெடுஞ்சாலைக்கும் செய்தியே அல்ல. அந்த இடத்தில் ஜோர்ஜியாவின் டீசலோடு இரவைக் கழிக்க வேண்டியவருக்கு வெள்ளைப் போத்தல் ஆடம்பரம் இல்லை. டயரில் காற்று இருக்கிறதா என்று பார்ப்பதற்குச் சமமான வேலை.

ஓடும்போது பெரும்பாலும் பிரச்சினை தெரியாது. எஞ்சினிலிருந்து திரும்பி வரும் சூடான எரிபொருள் டாங்கியைச் சற்று வெதுவெதுப்பாக வைத்திருக்கும். இரவு நிறுத்திவிட்டு உறங்கி எழுந்து, விடியற்காலையில் புறப்பட்ட சிறிது தூரத்தில்தான் வண்டி இழுவை இழந்து தடுமாறும். எங்கள் வண்டிகள் பலவற்றில் கண்ணாடி போன்ற தெளிந்த மூடியுள்ள முதல் ஃபில்டர் பொருத்தப்பட்டிருக்கும். புதிய ஃபில்டரில் எரிபொருள் மட்டம் தாழ்ந்திருக்கும். அடைபட அடைபட மட்டம் மேலே ஏறும். வடக்கே போகும் நாட்களில் காலையில் பொனற்றைத் திறந்து அந்த மட்டத்தைப் பார்ப்பது எனக்குப் பழக்கம். ஒரே இரவில் மட்டம் உச்சிக்கு ஏறியிருந்து, மூடியின் உட்புறத்தில் வெண்கூழ் ஒட்டியிருந்தால், அது தூசியல்ல, மெழுகு. அளவாகச் சேர்மானம் கலந்து வந்த டீசலில் அந்த வெண்கூழை நான் கண்டதில்லை. மட்டம் சற்று உயர்ந்திருக்கும், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சாரதிகள் மறந்துவிடுகிறார்கள். படுக்கைக் கபினைச் சூடாக்கும் சிறிய டீசல் ஹீட்டரும் இதே டாங்கியிலிருந்துதான் எரிபொருளை எடுக்கிறது. அதன் குழாய் பென்சில் பருமனுக்கும் குறைவு. எஞ்சின் ஃபில்டர் அடைபடுவதற்கு முன்பே, நள்ளிரவில், இந்த ஹீட்டர் நின்றுபோகக்கூடும். வண்டி நின்றால் பணம் போகும். மைனஸ் 30 பாகையில் ஹீட்டர் நின்றால் உயிருக்கே ஆபத்து. போத்தலின் விலையைக் கணக்கிடும்போது இதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

ஊற்றும் முறையில் பெரிய வித்தை இல்லை, ஆனால் வரிசை முக்கியம். பம்பைத் தொடுவதற்கு முன்பே சேர்மானத்தை இரு டாங்கிகளிலும் பாதிபாதியாக ஊற்றிவிட்டு, அதன்மேல் டீசலை நிரப்ப வேண்டும். விழும் டீசலின் வேகமே நன்றாகக் கலந்துவிடும். நிலத்தடித் தொட்டியிலிருந்து வரும் டீசல் வெளிக்காற்றைவிடச் சூடாக இருப்பதால், பொலிமர் கலப்பதற்கும் அதுவே ஏற்ற தருணம். நிரப்பி முடித்த டாங்கியின் வாயில் மேலாக ஊற்றினால் கலக்காமல் ஓரிடத்தில் தங்கிவிடும். ஒரு டாங்கியில் மட்டும் ஊற்றி, இணைப்புக் குழாய் வழியாக மற்றதற்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று நம்புவதும் பிழை. போத்தலைப் பக்கவாட்டுக் கருவிப் பெட்டியில் வைக்காமல் கபினுக்குள் இருக்கைக்குப் பின்னால் வைத்துக்கொள்வது நல்லது. குளிரில் திரவம் தடித்து, வாயிலிருந்து இழைந்து இழைந்து விழும், கையுறையோடு நின்று காத்திருக்க வேண்டி வரும். மண்ணெண்ணெய் வாடை கையில் ஒட்டினால் எளிதில் போகாது. அளவுக்கு மேல் ஊற்றினால் பாதுகாப்பும் அதே வீதத்தில் கூடிக்கொண்டே போகும் என்று நினைக்கவும் வேண்டாம்; ஓர் எல்லைக்குப் பிறகு கூடுதல் பொலிமரால் பலன் இல்லை.

இனிச் சிவப்புப் போத்தல். 'டீசல் 911' என்ற பெயரே அவசர அழைப்பு எண்ணைக் குறிக்கிறது. அது அவசரத்துக்கு மட்டுமே உரியது. ஏற்கெனவே இறுகிய மெழுகை மீண்டும் திரவமாக்கவும், ஃபில்டரில் உறைந்த தண்ணீரை உருக்கவும் அது உதவுகிறது. ஆனால் அடுத்த இரவு மறுபடி ஜெல் ஆவதை அது தடுக்காது. தயாரிப்பாளரே அப்படித்தான் சொல்கிறார். வண்டியை மீட்ட பிறகு வெள்ளைப் போத்தலையும் சேர்த்தே ஆக வேண்டும். இதன் அளவும் வேறு: 80 அவுன்ஸ் குடுவை 100 கலனுக்குத்தான் வரும். குளிர்காலம் முழுவதும் சிவப்பையே ஒவ்வொரு முறையும் ஊற்றி, வெள்ளையைவிட வலிமையான மருந்து என்று பெருமையாகச் சொல்லும் நண்பர் ஒருவர் எனக்கு இருக்கிறார். அவர் இரண்டரை மடங்கு அதிகமாக ஊற்றி, தேவையான பாதுகாப்பைப் பெறாமல் போகிறார்.

அவசரத்தில் சிவப்பைப் பயன்படுத்துவது எப்படி என்றால், அடைபட்ட ஃபில்டரைக் கழற்றி, புதிய ஃபில்டரைச் சரிபாதி டீசலும் சரிபாதி சேர்மானமுமாக நிரப்பிப் பொருத்தி, மிகுதியை டாங்கியில் ஊற்றி, எஞ்சினைக் கிளப்பிச் சும்மா ஓடவிட வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து எரிபொருள் போகும் இன்றைய கொமன் ரெயில் எஞ்சின்களில் இன்ஜெக்டர்கள் 2,000 பார், அதாவது காற்றழுத்தத்தைப் போல ஏறத்தாழ 2,000 மடங்கு, அழுத்தத்தில் வேலை செய்பவை. மணல் துகள் ஒன்று போதும் அவற்றைக் கெடுக்க. அதனால்தான் எஞ்சின் தயாரிப்பாளர்கள் பலர் இரண்டாம் ஃபில்டரைக் கையால் நிரப்பிப் பொருத்துவதை அனுமதிப்பதில்லை. முதல் ஃபில்டரை மட்டும், அதுவும் வடிகட்டப்படாத பக்கத்தில் நிரப்பிவிட்டு, மிகுதியைக் கைப் பம்பிடம் விட்டுவிடுவதே ஏற்றது. வீதியோரத்தில் மைனஸ் 28 பாகையில் டோர்ச் வெளிச்சத்தில் இதைச் செய்வது யாருக்கும் இன்பமான அனுபவமாக இருக்காது. வடக்கு ஒன்ராறியோவில் இழுவை வண்டியை வரவழைத்தால் பில் ஆயிரம் டொலரைச் சுலபமாகத் தாண்டும் என்பதால் வேறு வழியும் இல்லை. சிவப்புப் போத்தலின் சிறிய அளவு ஒன்றும், உதிரி ஃபில்டர்கள் இரண்டும் எப்போதும் வண்டியில் இருக்கட்டும். பயன்படாமலே பல குளிர்காலங்கள் கழிந்தாலும் பரவாயில்லை.

போட்டிப் பொருள்களில் பேச வேண்டியது ஹவ்ஸ் நிறுவனத்தின் 'டீசல் ட்ரீட்'. ரோட் ஐலண்ட் மாநிலத்தைச் சேர்ந்த இந்தக் குடும்ப நிறுவனம், தன் சேர்மானத்தை முறைப்படி ஊற்றியும் வண்டி ஜெல் ஆகி நின்றால் இழுவைச் செலவைத் தானே ஏற்பதாக உறுதியளிக்கிறது. விளம்பர உத்திதான், ஆனால் தன் பொருளில் நம்பிக்கை இல்லாதவர் இப்படி ஒரு வாக்கைப் போத்தலில் அச்சிட மாட்டார். குளிர்த் தடுப்பில் வெள்ளைப் போத்தலுக்கும் இதற்கும் என் ஓட்டத்தில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. வெள்ளையில் சீட்டேன் உயர்த்தியும் சேர்ந்திருப்பதால் கடுங்குளிர்க் காலையில் எஞ்சின் சற்று விரைவாகப் பற்றிக்கொள்வதாக உணர்கிறேன். அமெரிக்க டீசலுக்குக் கட்டாயமான சீட்டேன் எண் 40 மட்டுமே என்பதையும், ஐரோப்பாவில் அது 51 என்பதையும் பார்த்தால் அந்த உணர்வுக்குக் காரணம் இருக்கிறது. எரிபொருள் மிச்சமாகும் என்ற லேபிள் வாக்குறுதியைப் பொறுத்தவரை, காற்றும் பனியும் சுமையும் நாளுக்கு நாள் மாறும் வேலையில் அதைப் பிரித்தறிய வழியில்லை. அதற்காக யாரும் இதை வாங்க வேண்டாம்.

பழைய முறையான மண்ணெண்ணெய்க் கலப்பு இன்னமும் பயனுள்ளதுதான். மண்ணெண்ணெயை ஒத்த, முதலாம் இலக்க டீசல் எனப்படும் இலேசான வகை மைனஸ் 40 பாகை அளவிலும் கலங்காமல் நிற்கக்கூடியது. ஆனால் பத்து வீதம் கலந்தால் ஒன்றரை, இரண்டு பாகை அளவுக்கே கலங்கும் வெப்பநிலை இறங்கும் என்பதால் கணிசமான பங்கு கலக்க வேண்டும், லீற்றருக்குரிய ஆற்றலும் மசகுத் தன்மையும் குறையும், விலையும் கூடும். கலப்பதானால் மிகக் குறைந்த கந்தக வகையாக, வீதிப் பாவனைக்கு வரி செலுத்தியதாக இருக்க வேண்டும். நிறமூட்டிய விவசாய எரிபொருள் டாங்கியில் இருந்து பிடிபட்டால் அபராதம் கடுமையானது. ஊரில் கேட்டறிந்த பழக்கத்தில் பெற்றோல் ஊற்றுவதையோ, பெற்றோல் கார்களுக்கான மெதனோல் போத்தலை ஊற்றுவதையோ இன்றைய எஞ்சின்கள் தாங்கா. அந்தக் காலத்துப் பம்புகள் தாங்கின. அந்தக் காலம் போய்விட்டது.

பொலிமர் போத்தலை நம்பியிருக்கத் தேவையில்லாத வழி, ஆலையிலேயே குளிருக்கேற்ற டீசலைச் செய்வதுதான். இந்தியன் ஒயில் நிறுவனம் 2019 நவம்பரில் லடாக்குக்காக அறிமுகம் செய்த குளிர்கால டீசல் அத்தகையது. பானிபட் சுத்திகரிப்பு ஆலையில் தயாரான அது மைனஸ் 33 பாகை வரை ஓட்டத்தை இழக்காது. அது வரும்வரை கார்கில், இமாச்சலப் பிரதேசத்தின் காசா, கேலோங் போன்ற உயர்மலைப் பகுதிகளில் ஓடும் லொறிகளுக்குக் குளிர்காலம் பெரும் சோதனையாகவே இருந்தது. கனடாவின் வடக்கிலும் உள்ளூர் பம்ப் இதே வேலையைத்தான் செய்கிறது. ஆகவே வடக்கே போகும் வழியில் தெற்கத்திய டீசல் கால் டாங்கிக்கு இறங்கியதும், லீற்றருக்குச் சில சதம் கூடினாலும் சூ செயின்ற் மேரியிலோ சட்பரியிலோ நிரப்பிக்கொள்வது, எந்தப் போத்தலையும்விட உறுதியான பாதுகாப்பு. போத்தல் தெற்கத்திய டீசலுக்கும் அந்த நிரப்பலுக்கும் இடைப்பட்ட தூரத்துக்கு.

குளிரில் வண்டி நின்றால் எல்லாவற்றையும் ஜெல் என்று சொல்லிவிடுவதும் சரியல்ல. மைனஸ் 2, மைனஸ் 3 பாகையில் குளிர்கால டீசலோடு வண்டி தடுமாறினால் அது மெழுகாக இருக்க வாய்ப்புக் குறைவு. ஃபில்டர் கிண்ணத்தில் தேங்கிய தண்ணீர் உறைந்திருக்கும். அதற்கு மருந்து, நீர் பிரிப்பானைத் தினமும் திறந்து வடிப்பது. வெளியேற்றப் புகைக்கான யூரியாக் கரைசல் மைனஸ் 11 பாகையில் உறையும். அதற்கு வண்டியிலேயே சூடாக்கி உண்டு, அதன் எச்சரிக்கை விளக்கைப் பார்த்து டீசல் டாங்கியில் எதையும் ஊற்ற வேண்டியதில்லை. உயிரி டீசல் கூடிய கலவை இன்னொரு சிக்கல். சோயாவிலிருந்து செய்த தூய உயிரி டீசல் பூச்சியப் பாகையை ஒட்டியே கலங்கிவிடும். மினசோட்டா மாநிலம் கோடையில் 20 வீதக் கலப்பைக் கட்டாயமாக்கியும், குளிர்காலத்தில் அதை 5 வீதமாக இறக்கிவிடுவது இதனால்தான். பம்பில் 20 வீதக் கலப்பு என்று ஒட்டியிருந்தால், வடக்கே போகிறவர் வேறு பம்பைத் தேடுவது நல்லது. சேர்மானங்கள் மெழுகோடு வேலை செய்யுமளவுக்கு உயிரி டீசலோடு வேலை செய்வதில்லை.

பிக்கப் வண்டி வைத்திருப்பவர்களுக்கு 32 அவுன்ஸ் போத்தலே ஒரு குளிர்காலத்துக்குக் காணும். 100 லீற்றர் டாங்கிக்குக் கால் லீற்றர் என்ற கணக்கில் ஊற்றினால் மூன்று நான்கு முறைக்கு வரும். தெற்கே போகாத பிக்கப்புக்கு, முஸ்கோகாவுக்கோ திமின்ஸுக்கோ போகும் வார இறுதிகளைத் தவிர, அதுவும் தேவைப்படாது. நெடுந்தூரக்காரர்கள் 80 அவுன்ஸ் குடுவைகளை நவம்பர் தொடக்கத்திலேயே வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம். கடுங்குளிர் எச்சரிக்கை வந்த வாரத்தில் ட்ரக் ஸ்டொப்புகளில் வெள்ளைதான் முதலில் தீர்ந்துபோகும், சிவப்பு மட்டும் அடுக்கில் நிற்கும். அப்போது முற்காப்புக்கென்று சிவப்பை வாங்கி ஊற்றுவதைவிட, அந்த ஸ்டொப்பில் விற்பது குளிர்காலக் கலவையா என்று காசாளரிடம் கேட்டு, ஆம் என்றால் டாங்கியை அங்கேயே நிரப்பிக்கொண்டு புறப்படுங்கள்.